டர்போவா, சாதாவா? பெரிய கார் வாங்க எண்ணும் வணிகர் கவனத்திற்கு



கடை ஓரளவு நிலைத்து, கையில் நாலு காசு சேர்ந்ததும், "இனி ஒரு பெரிய வண்டி எடுத்தால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயற்கை. விடியற்காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிக்கும் மளிகை வியாபாரிக்கு அந்த ஆசை இருக்கக்கூடாது என்று நாம் சொல்லப்போவதில்லை. கொள்முதலுக்கும் வசூலுக்கும் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து விழுப்புரம், திண்டிவனம் என்று அலைகிறோம். நல்லது கெட்டதுக்குக் குடும்பத்தோடு போக வேண்டியிருக்கிறது. ஆனால் ஷோரூமில் நுழைந்தவுடன் "இது டர்போ சார், அது சாதா" என்று சொல்லத் தொடங்கினால், எதைக் கேட்பது, எதை விடுவது என்று புரியாமல் பலர் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். சரக்கை மூட்டை பிரித்துப் பார்த்து வாங்கும் நாம், பல லட்சம் போட்டு வாங்கும் வண்டியை மட்டும் பேரைக் கேட்டு வாங்கலாமா?

டர்போ என்றால் என்ன?

அடுப்பு எரிய விறகு மட்டும் போதாது, காற்றும் வேண்டும். என்ஜினும் அப்படித்தான். சாதா என்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. டர்போ என்பது கொல்லன் உலையில் உள்ள துருத்தி போன்றது. வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் எண்ணெயும் அதிகம் எரியும். அதே அளவு என்ஜினில் கூடுதல் சக்தி கிடைக்கும். ஆல்ஃப்ரெட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். எனவே இது நேற்று வந்த புதுமை அல்ல.

நம் சாலைகளில் ஓடிய இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 2000-ல் வந்த டொயோட்டா குவாலிஸில் இருந்தது டர்போ இல்லாத 2.4 லிட்டர் டீசல் என்ஜின். அதன் சக்தி 75 குதிரைத் திறன். 2005-ல் அதன் இடத்துக்கு வந்த இன்னோவாவில் 2.5 லிட்டர் என்ஜின். சக்தி 102 குதிரைத் திறன். என்ஜின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். டர்போவும், டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் முறையும் சேர்ந்து கொடுத்த வித்தியாசம் அது. அதே சமயம், குவாலிஸைச் சாதாரண மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். இன்னோவாவுக்குக் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் பட்டறை தேவைப்பட்டது. சக்தி கூடினால் பராமரிப்பும் கூடும் என்பது இங்கேயே தெரிகிறது.

ஒரே வண்டி, இரண்டு என்ஜின்

பெரிய வண்டிகளில் இதை ஒப்பிட வசதியானது டொயோட்டா ஃபார்ச்சூனர். 2.7 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு டர்போ கிடையாது. 166 குதிரைத் திறன். 2.8 லிட்டர் டீசல் டர்போ. 2021-ல் வந்த மாற்றத்துக்குப் பின் 204 குதிரைத் திறன். இந்த எண்களைவிட முக்கியமானது இழுவை. பெட்ரோலின் உச்ச இழுவை 245 நியூட்டன் மீட்டர். அது என்ஜின் 4,000 சுற்றில் ஓடும்போதுதான் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட டீசலில் 500 நியூட்டன் மீட்டர். அதுவும் 1,600 சுற்றிலேயே கிடைத்துவிடும். அதாவது, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் நெடுஞ்சாலையில் கரும்பு லாரியை முந்தும்போது பெட்ரோல் வண்டியை விரட்ட வேண்டும். டீசல் வண்டி காலை வைத்தவுடன் எழும்பும்.

மலைப்பாதையில் இன்னொரு வித்தியாசம். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்று அடர்த்தி குறைவு. சாதா என்ஜின் அங்கே தன் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். டர்போ காற்றை அழுத்தித் தருவதால் அந்த இழப்பு பெரும்பாலும் தெரியாது.

இன்னும் உயர்ந்த சொகுசு வண்டிகளில் இந்தத் தேர்வே அநேகமாக இல்லை. நமது சென்னைச் சாலையில் செங்கல்பட்டு அருகே மகேந்திரா சிட்டியில் 2007 முதல் இயங்கும் தொழிற்சாலையில் பூட்டப்படும் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்-5, எக்ஸ்-7 வண்டிகளில் பெட்ரோல், டீசல் இரண்டுமே டர்போதான். ஆனால் சாதா என்ஜின் காலம் முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2022-ல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸில் டர்போ இல்லாத 2 லிட்டர் பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரைச் சேர்த்து, இரண்டும் கூடி 186 குதிரைத் திறன் தரும் வகை ஒன்று உண்டு. துருத்தி செய்த வேலையை அங்கே மோட்டார் செய்கிறது.

நம் ஓட்டத்துக்கு எது?

இங்கேதான் வணிகர்கள் நின்று யோசிக்க வேண்டும். வாரம் மூன்று நான்கு முறை சென்னை, புதுச்சேரி, திருச்சி என்று நீண்ட தூரம் ஓடுபவருக்கு டர்போ டீசல் நன்றாக உழைக்கும். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து மண்டி, மண்டியிலிருந்து வங்கி என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டமே பெரும்பகுதி என்றால் அதே வண்டி தொல்லை தரும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அது நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. கடைத்தெருவிலேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்குச் செலவு பெரிது. குறைந்த ஓட்டம் உள்ளவருக்கு டர்போ இல்லாத பெட்ரோலே நிம்மதி.

டர்போ வாங்கியவர் கவனிக்க வேண்டியவை

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். ஆகவே:

1. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முறுக்காமல், எண்ணெய் ஏற அரை நிமிடம் விட்டு மெதுவாகக் கிளம்புங்கள்.
2. நெடுந்தூரம் வேகமாக ஓடி வந்து நின்றதும் சாவியைத் திருப்பிவிடாமல், ஒரு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓட விடுங்கள்.
3. கம்பெனி குறிப்பிட்ட தர ஆயிலையே, குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றுங்கள். ஆயிலில் மிச்சம் பிடித்தால் டர்போவில் செலவாகும்.
4. ஏர் ஃபில்டரைத் தவறாமல் பாருங்கள். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு இது மிக அவசியம்.
5. நீலப் புகை, புதிய விசில் சத்தம், திடீரென இழுவைக் குறைவு ஆகியவை தெரிந்தால் ஓட்டிக்கொண்டே இருக்காமல் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வண்டியை ஓட்டுவது நீங்களாக இல்லாவிட்டால், இதை டிரைவருக்கும் சொல்லி வையுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது

புது விலைக்குப் பயந்து, பெரிய வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் நம்மில் அதிகம். வாங்கும் விலைதான் குறைகிறது. உதிரிபாகத்தின் விலை புது வண்டிக்கு உள்ளதுதான். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டவர் இன்றும் பலர் விரும்பும் வண்டி. ஆனால் அந்த ஆலையில் உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டது. எனவே சர்வீஸ் எங்கே, பாகம் எத்தனை நாளில் வரும் என்று கேட்டுக்கொண்டு முன்பணம் கொடுங்கள். 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை சொன்ன பிறகு, அங்கிருந்து மலிவாக வண்டி வாங்கி வருவதும் நடக்கிறது. இங்கே மறுபதிவு, வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நமது அரசூர் அருகே நெடுஞ்சாலையே வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். வெள்ளத்தில் நின்ற வண்டியும் கழுவித் துடைத்தால் பளபளக்கும். கால்மிதிக்கு அடியில் சேறு, சீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் கறை, இருக்கைக்கடியில் துரு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஆவணங்களையும் அப்படியே. சுந்தரர் வழக்கில் படி ஓலை கிழிந்த பிறகும் மூல ஓலையைக் காட்டித் தீர்ப்புப் பெற்ற கதை நம் ஊருடையது. ஜெராக்ஸைப் பார்த்துப் பணம் கொடுக்காமல், ஆர்.சி. அசல், கடன் தீர்ந்ததற்கான வங்கிச் சான்று, இன்சூரன்ஸ் ஆகியவற்றை நேரில் பாருங்கள்.

கடைசியாகக் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், சரக்கு வண்டிக்கு 18 சதவீதம். வரிக்கு முன் 30 லட்சம் உள்ள கார் என்றால் வரி மட்டும் 12 லட்சம். அதற்குமேல், 20 லட்சத்தைத் தாண்டிய காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம். கடைப் பெயரில் பில் போட்டாலும், மளிகைக் கடைக்காரர் வாங்கும் காரின் ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. சரக்கு ஏற்றும் வண்டிக்கு அந்தத் தடை இல்லை. 8 லட்ச ரூபாய் சரக்கு வண்டிக்குக் கட்டும் 1,44,000 ரூபாயை நம் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

ஆகவே, சரக்கு வண்டி கடையின் முதல். சொகுசு வண்டி வீட்டின் செலவு. வீட்டுச் செலவை லாபத்திலிருந்து செய்யலாம். கொள்முதல் பணத்திலிருந்து செய்தால் முதலுக்கே மோசம். தீபாவளி, பொங்கல் சரக்கு எடுக்க வேண்டிய பணம் கார் தவணைக்குப் போனால், மொத்த வியாபாரியிடம் நம் நாணயம் குறையும். எந்த டர்போவும் அதை மீட்டுத் தராது. உங்கள் மாத ஓட்டம் எத்தனை கிலோமீட்டர், அதில் நெடுஞ்சாலை எவ்வளவு, தவணை போகக் கையில் நிற்பது எவ்வளவு என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஷோரூமுக்குச் செல்லுங்கள். டர்போவா, சாதாவா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.