டன் என்றால் எடை இல்லை: 'டிராவலர்' விளையாட்டில் கப்பல் கட்டும் கணக்கு

'டிராவலர்' என்பது 1977-ல் அமெரிக்காவில் மார்க் மில்லர் உருவாக்கிய அறிவியல் புனைவு ரோல்பிளேயிங் கேம். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஆடுவது. விண்கலத்தையும் நாமே கட்டலாம். அந்த விதிகளைப் புரிஞ்சுக்க முதலில் 'டன்' என்ற சொல்லைப் புரிஞ்சுக்கணும்.

இங்கே டன் எடை இல்லீங்க, கொள்ளளவு. ஒரு டன் திரவ ஹைட்ரஜன் பிடிக்கிற இடம், சுமார் 14 கன மீட்டர். ஏன் ஹைட்ரஜன்? கப்பலின் எரிபொருளே அதுதான். ஆக, விதிகள் கேட்பது "எவ்வளவு கனம்?" என்று இல்லை, "உள்ளே இடம் இருக்கா?" என்றுதான்.

'ஃப்ரீ டிரேடர்' என்ற 200 டன் வணிகக் கப்பலைப் பாருங்க. இன்ஜின்கள் 15, கட்டுப்பாட்டு அறை 20, கணினி 1, பத்து அறைகள் 40, உறைதூக்கப் பெட்டிகள் இருபது 10, ஆயுதக் கட்டுப்பாடு 2, எரிபொருள் 30. மிச்சம் 82 டன், அதுதான் சரக்குக்கு.

இந்தக் கப்பல் ஒரே தாவலில் ஒரு பார்செக் போகும், அதாவது 3.26 ஒளியாண்டு. ஒவ்வொரு பார்செக்குக்கும் கப்பல் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு எரிபொருளாகவே போயிடும். இரண்டு பார்செக் தாவ ஆசைப்பட்டால் எரிபொருள் 60 டன், இன்ஜின்கள் 23. சரக்குக்கு 44 டன்தான் மிஞ்சும். ஆனா கூலி, தூரம் எவ்வளவானாலும், தாவலுக்கு டன்னுக்கு 1,000 கிரெடிட்தான்!

இப்போ கடன். கப்பல் விலை சுமார் 3.7 கோடி கிரெடிட். விலையில் 240-ல் ஒரு பங்கு வீதம் 480 மாதம் கட்டணும். அதாவது மாதத் தவணை 1,54,500. ஒரு தாவலுக்கு ஒரு வாரம், துறைமுகத்தில் ஒரு வாரம் என்று மாதத்துக்கு இரண்டு நடை. 82 டன்னும் நிரம்பினால் 1,64,000 வரும். தவணை போக கையில் 9,500. எரிபொருள், சம்பளம் எல்லாம் பயணிகள் கட்டணத்திலிருந்துதான் வரணும். 44 டன் என்றால் வரவு 88,000 மட்டுமே, பெரிய இன்ஜினுக்குத் தவணையும் கூடும்.

அதனாலதான் இந்த விளையாட்டில் கேப்டன்கள் வில்லங்கமான வேலைகளுக்கும் தலையாட்டுகிறார்கள். கதாசிரியர் வந்து தள்ளிவிட வேண்டியதில்லை. சரக்கறையில் பாதி காலியாக இருந்தால் போதும், சாகசம் தானாகத் தேடி வரும்.