நிழல் தேடுவதா, நெருப்பை அணைப்பதா?

தொழிற்புரட்சிக்கு முன்னர், காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமிலவாயு, இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. புவியின் வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு மிகவும் கீழே நிறுத்துவதென்றும், 1.5 டிகிரிக்குள் அடக்க முயல்வதென்றும் 2015-ஆம் ஆண்டு பாரிஸில் கூடிய நாடுகள் உடன்பட்டன. 2024-ஆம் ஆண்டின் சராசரியோ அந்த 1.5 டிகிரியைக் கடந்துவிட்டது. ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்து எல்லை மீறப்பட்டதாகக் கொள்வதில்லை. எனினும், இது கடுமையான எச்சரிக்கை என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

இதற்குப் பரிகாரம் என்ன? அறிஞர்கள் நான்கு வழிகளைக் கூறுகின்றனர். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதைக் கைவிடுதல் முதலாவது. காற்றில் கலந்த கரியமிலவாயுவைக் காடு வளர்த்தும் கருவிகள் கொண்டும் மீட்டெடுத்தல் இரண்டாவது. வரவிருக்கும் துன்பத்தைத் தாங்குமாறு கடற்கரைகளையும் வேளாண்மையையும் ஆயத்தம் செய்தல் மூன்றாவது. வானில் நுண்துகள்களைத் தூவி, கதிரவன் ஒளியில் சிறு பங்கைத் திருப்பியனுப்புதல் நான்காவது.

இந்நான்காவது வழி எளிதாகத் தோன்றும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினதூபோ எரிமலை வெடித்து, 1 கோடி டன்னுக்கும் மேலான கந்தக வாயுவை விண்ணில் உமிழ்ந்தது. அடுத்த ஆண்டில் உலக வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி தணிந்தது. அதனையே மனிதன் செய்தாலென்ன என்பது சிலரின் வாதம். ஆனால், அவ்வேளையில் நிலப்பரப்பில் மழையும் குறைந்தது. பருவமழையை நம்பி வாழும் ஏழை உழவருக்கு இது சிறு செய்தியன்று. கரியமிலவாயு பெருகிக் கொண்டேயிருக்க, தூவுவது ஒருநாள் நின்றுபோனால், மறைந்திருந்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே சீறியெழும். தீப்பற்றிய வீட்டில் குடை பிடித்தாற்போன்றதே இது.

எனவே, நெருப்பை அணைப்பதே தலையாய கடமை. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல் நகரில் முஸ்லிம் அறிஞர்கள் வெளியிட்ட பிரகடனமும் இதனையே வலியுறுத்திற்று. இறைவன் படைப்பில் அமைத்த ‘மீஸான்’ எனும் சமநிலையை மனிதன் குலைத்து வருவதை அது எடுத்துரைத்தது. செல்வ நாடுகளும் எண்ணெய்வள நாடுகளும் முன்னின்று, இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இவ்வாயுக்களை வெளியிடுவதை அறவே ஒழிக்க வேண்டும் என்றும் அழைத்தது.

எண்ணெய் விற்றுச் செழிப்போருள்ளும் முஸ்லிம்கள் உளர். கடல் பெருகினால் நிலமிழக்க நேரும் மாலத்தீவு மக்களும் முஸ்லிம்களே. ஒருவரின் ஆதாயம் மற்றவரின் வாழ்விடத்தைப் பறிக்கலாகுமா? பூமி நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்குரியவனிடம் கணக்குக் கொடுக்கும் நாளை எண்ணிச் செயற்படுவோமாக!