கூறு கட்டிய சௌகரியங்கள்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், அருவிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் பழக்கடைகள் முளைத்துவிடும். மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். கூறில் நாலு பழம் நல்லதாக இருக்கும்; இரண்டு சற்றுச் சுமாராக இருக்கும். "இந்த நாலை மட்டும் கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவாள். கூறாக எடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் அச்சிட்ட விலைப்பட்டியல் மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தபோது, எனக்கு அந்தப் பழக்கூறுதான் நினைவுக்கு வந்தது. குற்றாலத்திற்கு வரும் பயணிகளை ஏற்றிச் செல்வதற்காக அவர் உயரமான பெரிய கார் ஒன்று வாங்க விரும்பினார். "ஸார், யந்திரம் மூன்றிலும் ஒன்றுதான். விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எதற்குப் பணம் கொடுக்கிறேன் என்றே விளங்கவில்லை" என்றார்.

மாணவ நண்பர்களே, இந்தக் கேள்வி நியாயமானது. ஒரே காரை நிறுவனத்தார் பல வகைகளாகப் பிரித்து, வகைக்கு இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைக்கிறார்கள். அமெரிக்காவில் அடிப்படை வண்டியின்மேல் இன்ன தொகுப்பு வேண்டும் என்று தனியே கேட்டுச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் படிக்கட்டு முறைதான். மேல்படியில் உள்ள ஒரு பொருள் வேண்டுமானால் அந்தப் படியில் உள்ள அனைத்தையும் வாங்கியாக வேண்டும். ஒரு நிறுவனத்தின் எழுத்துக்கும் மற்றொன்றின் எழுத்துக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஆகையால் பெயரைப் பார்த்துப் பயனில்லை. பட்டியலை வரிவரியாகப் படிக்க வேண்டும். படத்தின் கீழே பொடி எழுத்தில், "காட்டப்பட்டவை எல்லா வகைகளிலும் இரா" என்றிருக்கும் குறிப்பையும் விட்டுவிடக்கூடாது.

ஏன் இப்படிக் கட்டுகிறார்கள்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துச் சௌகரியங்களை, வேண்டும் அல்லது வேண்டாம் என்று வாங்குபவர் விருப்பத்திற்கே விட்டால், உண்டாகும் வண்டி வகைகள் இரண்டின் பத்தாம் அடுக்கு, அதாவது 1024. வண்டிக்குள் நரம்புபோல் ஓடும் மின்கம்பிக் கட்டை இத்தனை விதமாகச் செய்வதும், உதிரிப் பாகங்களைச் சேமித்து வைப்பதும் தொழிற்சாலைக்குப் பெருந்தொல்லை. நாலைந்து கூறாகக் கட்டினால் தொல்லை தீர்ந்தது. இது ஒரு காரணம். நாம் மிகவும் விரும்பும் ஒன்றை, அவ்வளவாக விரும்பாத நாலோடு சேர்த்துவிட்டால் ஐந்தும் விலைபோகும் என்பது மற்றொரு காரணம். முதற் காரணத்தை விற்பவர் சொல்லுவார், இரண்டாவதைச் சொல்லமாட்டார்.

சௌகரியம் என்ற சொல்லையும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் கார்களை முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் கிளப்பினார்கள். அது எதிர்த்து உதைத்துக் கை முறிந்தவர்கள் பலர். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சாரக் கிளப்பியை 1912இல் காடிலாக் கார்களில் பொருத்தினார்கள். அன்று அது சொகுசு. இன்று அதை யாரும் சொகுசு என்று சொல்வதில்லை. ஓட்டுநர் கால் வைக்காமலே ஒரே வேகத்தில் வண்டியைச் செலுத்தும் வேகநிலைச் சாதனத்தைக் கண்டுபிடித்த ரால்ப் டீட்டர் என்னும் அமெரிக்கர், சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். கிரைஸ்லர் நிறுவனத்தார் அதை 1958இல் தம் கார்களில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நாற்கரச் சாலையில் போகிறவருக்கு அது உதவும். புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் வளைவுகளில் அதற்கு என்ன வேலை?

நம் நாட்டுச் சட்டமும் சில பொருள்களைக் கூறிலிருந்து எடுத்து எல்லார்க்கும் பொதுவாக்கியிருக்கிறது. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பை, பின்னால் செல்லும்போது தடையை உணர்த்தும் கருவி, வேக எச்சரிக்கை ஆகியவை கார்களில் கட்டாயமாயின. லாரிகளைப் பற்றிய செய்தி இதைவிடப் பெரிது. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட சரக்கு வண்டிகள், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும்போதே ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் பெற்றிருக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. அதற்கு முன் அது பெரும்பாலும் முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. லாரியின் அடிச்சட்டத்தை மட்டும் வாங்கி, நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ கூண்டு கட்டுவது நெடுநாள் வழக்கம். அக்கூண்டில் சாமி படத்திற்கும் வண்ண விளக்கிற்கும் இடம் இருக்கும். யந்திரத்தின் வெப்பம் வெளியேறத்தான் வழி இராது. என் மாணவரின் தந்தை பாவூர்சத்திரத்திலிருந்து கொல்லத்திற்குக் காய்கறி ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர். ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே ஓட்டுவார். வழியிலேயே அது உலர்ந்துவிடும் என்று மகன் சொன்னார்.

பட்டியலுக்கு வருவோம். அவருடைய முதற் கூறில் சட்டம் கேட்பவை மட்டும் இருந்தன. இரண்டாவதில், வண்டி சறுக்காமல் நிலைப்படுத்தும் கருவியும், அதனோடு மேட்டுப் பிடிப்பும் வந்தன. ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது, பிரேக்கிலிருந்து கால் மாறும் அந்த ஓரிரு விநாடி வண்டி பின்னால் உருளும். அப்போது பிரேக்கின் அழுத்தத்தை விடாமல் வைத்திருப்பதே மேட்டுப் பிடிப்பு. மூன்றாவதில் பின் கண்ணாடிக்குத் துடைப்பான், அக்கண்ணாடியைச் சூடாக்கிப் பனிமூட்டம் நீக்கும் கம்பிகள், சாவியில்லாமல் திறக்கும் கதவு, கூரையில் திறக்கும் கண்ணாடிச் சாளரம் ஆகியவை இருந்தன.

அவர் மனம் மூன்றாவதில்தான் இருந்தது. பயணிகள் கூரைச் சாளரத்தைக் கேட்கிறார்களாம். நான் காகிதம் கொண்டுவரச் சொன்னேன். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் விலை வேற்றுமை 1,75,000 ரூபாய். முழுவதும் கடன். நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 3,720 ரூபாய். முடிவில் கட்டியது 2,23,000 ரூபாய். சீசன் இல்லாத மாதத்திலும் தவணை உண்டு.

"கூரைச் சாளரத்தைச் சுற்றியுள்ள வடிகுழாய்களில் இலைச் சருகு அடைத்தால் மழைநீர் உள்ளே வரும், தம்பி. குழந்தைகள் தலையை வெளியே நீட்டினால் ஆபத்து. குற்றாலத்துக் குரங்குகளை நீ அறியாதவனா?" என்றேன். சிரித்துவிட்டார்.

"பின் கண்ணாடி, ஸார்?" என்று கேட்டார். அது சரியான கேள்வி. சாரல் நாளில் அருவியில் குளித்த எட்டுப் பேர் ஈரத்தோடு ஏறினால், அவர்கள் மூச்சிலும் துணியிலும் உள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியில் படிந்து மறைக்கும். குளிர்சாதனம் காற்றிலுள்ள ஈரத்தைத் தன் குளிர்ச் சுருளில் நீராக்கி வெளியே விட்டுவிடுவதால், மழையிலும் அதை ஓட்டினால் முன் கண்ணாடி தெளியும். பின் கண்ணாடிக்கு அவ்வளவு பலன் இராது. பின்னர் வெளியில் கொடுத்துத் துடைப்பான் பொருத்தலாமென்றால், மின்கம்பியை வெட்டி ஒட்டுவதால் நிறுவனத்தின் உத்தரவாதம் கெடக்கூடும். மூன்றாவது கூறிலிருந்து அந்த ஒன்றை மட்டும் தரும்படி விற்பனையாளரைக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

இரண்டாவதையே வாங்கினார். இந்தச் சாரலுக்கு என்னையும் அதில் ஐந்தருவிக்கு அழைத்துச் சென்றார். வழியில் இருமுறை நிறுத்தி, இறங்கி, பின் கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டு வந்து அமர்ந்தார். மேட்டில் கிளம்பியபோது வண்டி பின்னால் உருளவில்லை.