லைசென்ஸ் பீரோவில், வண்டி திண்ணையோரத்தில்



சென்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். "டூவீலர் லைசென்ஸ் வாங்கினவங்க கை தூக்குங்க" என்றேன். பதினொரு கைகள். "இன்னைக்கு வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவங்க?" என்றேன். நாலு கைகள்தான். மீதி ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அவரைத்தான் நாம் மூன்று கிராமங்களுக்குப் பயிற்றுநராகத் தேர்ந்தெடுத்திருந்தோம். அந்த ஊர்களுக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். குழுக் கூட்டம் முடியவே ராத்திரி எட்டு ஆகிவிடும். வண்டி இல்லாமல் அந்த வேலை ஆகாது. லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆயிற்று. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "எட்டு ஒரே தடவைல போட்டேன் மேடம், கால்கூட ஊனல. ஆனா ரோட்டுக்கு வந்தா கை நடுங்குது. பின்னாடி லாரி ஹாரன் கேட்டா எறங்கி நின்னுடறேன். இந்த வேலைக்கு வேற ஆளப் போட்டுக்கங்க" என்றார். தீர்மான நோட்டில் அதை எழுதவில்லை. அடுத்த கூட்டம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இந்தக் கட்டுரை அவருக்கும் மற்ற ஆறு பேருக்கும்.

முதலில் ஒரு விஷயம். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு போட்டீர்களே, அங்கே லாரி இருந்ததா? நாய் குறுக்கே ஓடியதா? ஆட்டு மந்தை, வைக்கோல் காயப்போட்ட ரோடு, பெயிண்ட் அடிக்காத வேகத்தடை ஏதாவது இருந்ததா? இல்லை. வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்துத் திருப்பத் தெரிகிறதா என்பதைத்தான் எட்டு காட்டுகிறது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆனபிறகு டெஸ்டுக்குப் போகலாம். பெரும்பாலோர் அந்த 30 நாளும் பள்ளிக்கூட மைதானத்தில்தான் ஓட்டியிருப்பீர்கள். ஆகவே ரோட்டில் பயம் வருவதில் ஆச்சரியமே இல்லை. ரோட்டில் ஓட்டுவதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதை "எனக்குச் சரிப்படாது" என்று எடுத்துக்கொள்வதில்தான் தப்பு இருக்கிறது.

குழு ஆரம்பித்த முதல் மாதம் ரொக்க ஏடு எழுதியதை நினைத்துப் பாருங்கள். சேமிப்பு எந்தக் கட்டம், வட்டி எந்தக் கட்டம் என்று ஒவ்வொரு வரிக்கும் யோசித்து, பத்து வரி எழுத ராத்திரி ஆகிவிட்டது. இப்போது பேசிக்கொண்டே எழுதுகிறீர்கள். வண்டியும் அப்படியே. புதிதில் ஆக்சிலேட்டர், பிரேக், இண்டிகேட்டர், கண்ணாடி எல்லாவற்றையும் மனசு தனித்தனியாக நினைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ஹாரன் சத்தம் வந்தால் மனசில் இடம் இல்லை, திணறிவிடுகிறது. கைக்குப் பழக்கமானபிறகு கண்ணும் மனசும் ரோட்டைப் பார்க்க நேரம் கிடைக்கும். அந்தப் பழக்கம் ஓட்டினால்தான் வரும். பீரோவில் ரேஷன் கார்டோடு லைசென்ஸை வைத்துவிட்டு எட்டு மாதம் கழித்து எடுத்தால், கை மறுபடியும் முதல் நாளுக்கே போயிருக்கும்.

நானும் இதைச் செய்தவள்தான். களப்பணிக்கு வந்த புதிதில் ஸ்கூட்டியை ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டு, "பெட்ரோல் இல்ல" என்று சொல்லி இரண்டு மாதம் பஸ்ஸில் போனேன். டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தது!

பயத்தில் இரண்டு வகை உண்டு. வளைவில் மணல் கிடக்கிறது, மெதுவாகப் போவோம் என்று சொல்லும் பயம் நல்ல பயம். அது போகவே கூடாது. இன்னொன்று, டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன சொல்வார்கள், வண்டி ஆஃப் ஆனால் சிரிப்பார்களே என்ற பயம். விசாரித்துப் பார்த்ததில், நம் ஏழு பேரில் ஐந்து பேருக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாக இருக்கிறது. ஒரு உறுப்பினர் டீக்கடையைத் தவிர்க்க ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி, குண்டும் குழியுமான வண்டிப்பாதையில் போயிருக்கிறார். சிரிப்புக்குப் பயந்து பள்ளத்தில் விழப் பார்த்திருக்கிறார்!

பயந்தால் உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். பயம் வந்ததும் கை எதையாவது இறுக்கிப் பிடிக்கும். ஸ்கூட்டியில் வலது கை பிடித்திருப்பது ஆக்சிலேட்டர். இறுக்கும்போது மணிக்கட்டு கீழே இறங்கினால் ஆக்சிலேட்டர் முறுக்கிக்கொள்ளும், வண்டி சீறிப் பாயும். "பிரேக் பிடிச்சேன், வண்டி ஓடிருச்சு" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். மணிக்கட்டைச் சற்றுத் தூக்கி வைத்து, இரண்டு விரலைப் பிரேக் மேல் போட்டுப் பழகுங்கள். இன்னொன்று, முன் சக்கரத்தையே பார்த்து ஓட்டாதீர்கள். பள்ளத்தையே பார்த்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும், போக வேண்டிய வழியைப் பாருங்கள். பிரேக்கில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஸ்கூட்டிகளில் இடது பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். பழைய வண்டியில் இருக்காது. உங்கள் வண்டி எது என்று மெக்கானிக்கிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகிறது. 30 என்றால் 8 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்கை அழுத்தவே ஒரு வினாடி ஆகும் என்று வைத்தால், அந்த மூன்று மீட்டர் வித்தியாசம் ஒரு ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றும். பின்னால் ஹாரன் அடித்தால் வேகத்தைக் கூட்ட வேண்டாம், இறங்கவும் வேண்டாம். நேராக, இடது பக்கமாக, அதே வேகத்தில் போங்கள். முந்துவது அவர்கள் வேலை.

முதல் இரண்டு வாரம் யாரையும் பின்னால் ஏற்றாதீர்கள். பின்னால் எடை ஏறினால் வண்டி நிற்கும் தூரம் மாறும், பேலன்ஸும் மாறும். முக்கியமாக, சொல்லிக் கொடுக்கிறேன் என்று பின்னால் உட்கார்ந்து "ஏய் பாத்து, ஏய் பாத்து" என்று கத்தும் வீட்டுக்காரரை ஏற்றாதீர்கள். (அண்ணன்மார்கள் மன்னிக்கவும்.) ஏற்கெனவே ஓட்டும் உறுப்பினர் ஒருவர் தன் வண்டியில் முன்னே போக, நீங்கள் பின்னால் போங்கள். காலை ஆறு மணிக்கு, தினமும் அதே ஐந்து கிலோமீட்டர். ஹெல்மெட் கட்டாயம், பட்டையும் மாட்டியிருக்க வேண்டும்.

"யாரையாவது இடிச்சிட்டா சொத்தை வித்துக் கட்டணுமே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கவலை. செல்லுபடியாகும் லைசென்ஸும் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் இருந்தால், அடிபட்டவருக்குக் கோர்ட் சொல்லும் இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு இந்த இன்சூரன்ஸை 5 வருடத்துக்குச் சேர்த்தே போடுகிறார்கள். வண்டி உங்கள் பேரில் இருந்தால் உங்களுக்கு 15 லட்சம் ரூபாய் வரை தனிநபர் விபத்துக் காப்பும் எடுக்கலாம். பழைய வண்டி வாங்கினவர்கள் இன்றைக்கே தேதியைப் பாருங்கள். காலாவதி ஆகியிருந்தால் அந்தப் பயம் நியாயம்தான். குழுவில் உள்கடன் எடுத்தாவது புதுப்பியுங்கள்.

இந்தக் கிண்டல் நமக்குப் புதிதும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். குவாரியில் வேலை செய்தவர்களும் விவசாயக் கூலிகளும் அதில் இருந்தார்கள். பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள், முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! அன்றைக்கும் ரோட்டில் நின்று கேலி பேசினார்கள்.

நம் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டு நாள் ஆயிற்று. தினமும் காலையில் பக்கத்துக் குழுவின் ஊக்குநர் வண்டிக்குப் பின்னால் ஓட்டுகிறார். ஒரு தடவை விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, சைடு கண்ணாடி போயிற்று, 180 ரூபாய் செலவு. மறுநாளும் வந்தார். போன செவ்வாய்க்கிழமை மூன்று கிராமங்களில் ஒன்றுக்குத் தனியாகப் போய், கூட்டம் நடத்தி, ராத்திரி டிம் லைட் போட்டு ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் எனக்குப் போன் செய்தார். "ஓடைப் பாலத்துல மட்டும் எறங்கித் தள்ளிட்டு வந்தேன் மேடம். அது இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றார். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை, நானும் அங்கே இறங்கித்தான் தள்ளுகிறேன் என்றேன். சுவர் கட்டக் கேட்டுக் கிராம சபையில் மனுக் கொடுக்கப் போகிறோம். அந்தப் பக்கத்துக் குழுக்கள் கையெழுத்துப் போட வாருங்கள்.