போர்ஷே பாக்ஸ்டர், 911 கார்களில் விட்டுவிட்டு வரும் மின்கோளாறுகள்

விட்டுவிட்டு வரும் மின்கோளாறு என்பது, வாகனத்தின் மின்சுற்றில் நிலையாக இராமல், சில வேளைகளில் மட்டும் தோன்றித் தானாகவே மறைந்துவிடும் பழுது ஆகும். காலையில் எரிந்த எச்சரிக்கை விளக்கு மாலையில் அணைந்திருக்கும். நள்ளிரவில் அலறிய அலாரம் பிறகு ஒரு வாரம் வாய் திறக்காது. பட்டறைக்குக் கொண்டுபோனால் கார் ஒழுங்காக ஓடும். வீடு திரும்பும் வழியில் மறுபடியும் நின்றுவிடும். நிலையாக இருக்கும் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. இந்த வகைப் பழுதில் பாதி வேலை, அது நிகழும் நேரத்தில் அதைப் பிடிப்பதுதான்.

செருமனியின் போர்ஷே நிறுவனம் 1996 முதல் 2004 வரை தயாரித்த பாக்ஸ்டர் 986, அதே காலத்தில் வெளிவந்த 911 வரிசையின் 996, அதற்குப் பின் வந்த 997 ஆகிய கார்கள் இவ்வகைக் கோளாறுகளை விளக்க ஏற்றவை. 986-உம் 996-உம் முன்பகுதியையும் பல மின்கருவிகளையும் பகிர்ந்துகொண்டவை. ஆகவே ஒன்றுக்குச் சொல்வது பெரும்பாலும் மற்றொன்றுக்கும் பொருந்தும்.

இந்தக் கார்களில் ஏன்

உயர்விலைக் கார் என்றால் மின்பாகங்களும் உயர்தரமாக இருக்கும், கெடாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. நடைமுறை வேறு. இத்தகைய காரில் கதவுப் பூட்டு, இருக்கை, கூரை, விளக்கு, அலாரம் என ஒவ்வொன்றுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கூடக்கூட அவற்றை இணைக்கும் ஒயர்களும் கனெக்டர்களும் கூடுகின்றன. பழுது பெரும்பாலும் பெட்டிக்குள் பிறப்பதில்லை. அவற்றுக்கு இடையிலான இணைப்புகளில் பிறக்கிறது.

இரண்டாவது காரணம் பயன்பாடு. அன்றாடம் அலுவலகத்துக்குப் போய்வரும் காரின் பேட்டரி நாள்தோறும் சார்ஜ் ஆகிறது. விளையாட்டுக் கார் பல வாரங்கள் உறை போர்த்தி நிற்கும். அப்போதும் அலாரமும் தொலைச்சாவியின் ஏற்பியும் விழித்தே இருப்பதால் பேட்டரி மெல்ல வடிகிறது. மூன்றாவதாக, பாக்ஸ்டர் போன்ற மடக்குக் கூரைக் கார்களில் தண்ணீர் உள்ளே வர வழிகள் அதிகம்.

குறியீட்டைப் படிப்பது

அமெரிக்காவில் 1996 முதல் விற்கப்பட்ட கார்கள் அனைத்திலும் 16 முனைகள் கொண்ட ஓபிடி-2 கனெக்டர் கட்டாயமாக்கப்பட்டது. ஸ்கேனரை அதில் செருகினால், கார் பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீடுகள் தெரியும். சாதாரண ஸ்கேனர் பெரும்பாலும் இயந்திரக் குறியீடுகளை மட்டுமே காட்டும். அலாரம், ஏர்பேக், பூட்டு ஆகியவற்றின் பதிவுகளைப் படிக்க அந்த நிறுவனத்தின் கார்களுக்கு ஏற்ற கருவி வேண்டும்.

குறியீடு தீர்ப்பு அல்ல, புகார் மட்டுமே. ஒரு சென்சாரின் பெயரைச் சொல்லிக் குறியீடு வந்தால், அந்தச் சென்சாரிலிருந்து எதிர்பார்த்த மின்னழுத்தம் வரவில்லை என்பதே அதன் பொருள். சென்சார் கெட்டிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம், பேட்டரியே தளர்ந்திருக்கலாம். ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற ஐந்தாறு பெட்டிகள் புகார் சொன்னால், ஐந்தாறும் சேர்ந்து கெட்டன என்று கொள்வதைவிட, அவற்றுக்குப் பொதுவான மின்வழங்கலையோ எர்த்தையோ சந்தேகிப்பதே முறை.

குறியீடுகளை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு சிறு குறிப்பேடும் வேண்டும்: கோளாறு வந்தபோது மழையா வெயிலா, இயந்திரம் சூடாக இருந்ததா, கார் மேடுபள்ளத்தில் போனதா, எது இயங்கிக்கொண்டிருந்தது, எத்தனை நாள் கார் நின்றிருந்தது. பத்துப் பதினைந்து நாள் குறிப்பிலேயே வெப்பம், ஈரம், அதிர்வு, தளர்ந்த பேட்டரி ஆகிய நான்கில் எது காரணம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். விலையுயர்ந்த கருவிகள் தராத தகவலை இந்தக் குறிப்பேடு தருவதுண்டு.

முதலில் பேட்டரி

முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, சில மணி நேரம் ஓய்ந்த நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி வடிந்துவிட்டது. இயந்திரம் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி, ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் 9 வோல்ட்டுக்குக் கீழே சரியக்கூடும். அந்த ஒரு கணச் சரிவில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தடுமாறி, இல்லாத கோளாறுகளைப் பதிந்து வைக்கும். எனவே இயந்திரத்தைக் கிளப்பும்போதும் அளந்து பார்க்க வேண்டும்.

நிற்கும் காரில் மின்சாரம் கசிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். காரைப் பூட்டி, எல்லாப் பெட்டிகளும் உறங்கும்வரை அரைமணி நேரமாவது விட்டால், இழுக்கப்படும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் பிடுங்கிச் செருகும்போது உறங்கிய பெட்டி விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பும். பியூஸின் மேற்புறம் தெரியும் இரு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லி வோல்ட்டில் அளந்தால், எந்தப் பியூஸ் வழியே மின்சாரம் ஓடுகிறது என்பது எதையும் கழற்றாமலே தெரியும்.

911 காரில் இயந்திரம் பின்புறமும் பேட்டரி முன்புறமும் உள்ளன. பிற்கால 986, 996 கார்களிலும் 997இலும் முன்மூடி மின்சாரத்தால் திறப்பது. பேட்டரி முற்றிலும் வடிந்தால் மூடி திறக்காது. மூடி திறக்காமல் பேட்டரியை நெருங்க முடியாது. இதற்கென்று கால்வைக்கும் இடத்துப் பியூஸ் பெட்டியில், வெளியே இழுக்கக்கூடிய ஒரு முனை உண்டு. வேறொரு பேட்டரியின் நேர்முனையை அதிலும், எதிர்முனையைக் கதவருகே உள்ள வெறும் உலோகத்திலும் இணைத்தால் மூடியைத் திறக்கலாம். அந்த முனை மூடியைத் திறக்க மட்டுமே. அதன் வழியே காரைக் கிளப்ப முயன்றால் ஒயர் தாங்காது.

எர்த்தும் கேபிளும்

காரின் உலோக உடலே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. இதைப் பட்டறைகளில் எர்த் என்பார்கள். எர்த் ஒயர் உடலோடு முறுக்கப்பட்ட இடத்தில் துருவோ பெயிண்டோ புகுந்தால் மின்தடை ஏறும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்தால் இணைப்பு நன்றாக இருப்பதாகவே காட்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். பாதையில் வெறும் 0.01 ஓம் கூடுதல் தடை இருந்தால், ஓம் விதிப்படி 2 வோல்ட் அங்கேயே வீணாகும். 12 வோல்ட்டில் 2 வோல்ட் இழப்பு இயந்திரத்தைச் சோர்வாகச் சுழல வைக்கப் போதும். ஆனால் மல்டிமீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. எனவே 0.01 ஓம் அதன் கண்ணில் படாது.

சரியான வழி, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்த இழப்பை அளப்பது. மல்டிமீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை இயந்திரத்தின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, உடனிருப்பவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்ல வேண்டும். நல்ல எர்த்தில் இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டாது. இதேபோல் பேட்டரியின் நேர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் முனைக்கும் இடையே அளந்தால் முதன்மைக் கேபிளின் நிலை தெரியும். அங்கே அரை வோல்ட் வரை பொறுக்கலாம்.

997 கார்களில் இந்தச் சோதனைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் இணைக்கும் தடித்த கேபிளின் உட்புறத்தில் அரிப்பு ஏற்பட்டு மின்தடை கூடுவது இந்தக் காரில் நன்கு அறியப்பட்ட குறை. வெளியே ரப்பர் உறை பளபளப்பாகவே இருக்கும். குளிர்ந்த இயந்திரம் உடனே கிளம்பும். நீண்ட பயணத்துக்குப் பின் சூடாக இருக்கும்போது முனகும். உரிமையாளர் முதலில் பேட்டரியை மாற்றுவார், பிறகு ஸ்டார்ட்டரை மாற்றுவார், சிலர் ஆல்டர்னேட்டரையும் மாற்றுவார்கள். பத்து நிமிடச் சோதனையைத் தவிர்த்ததற்கு இது பெரிய விலை.

சாவிக்குப் பின்னால்

986, 996 கார்களில் சாவியைத் திருப்பும் பூட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு சிறு மின் சுவிட்ச் உண்டு. அதன் உட்தொடர்புகள் தேய்ந்தால், சாவியைத் திருப்பியதும் ஏசி, துடைப்பான், சன்னல் போன்றவற்றில் ஏதோ ஒன்று உயிர் பெறாது. சாவியைச் சற்று அசைத்தால் திரும்பிவிடும். இந்த அடையாளம் தெரிந்தால் பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சுவிட்சை மட்டும் மாற்றலாம். அது ஆடி கார்களிலும் பயன்பட்ட மலிவான பாகமே.

சூடானால் மட்டும் வரும் பழுதுகள் வேறு வகை. சூட்டில் உலோகம் விரியும். விரிசல் விட்ட பற்றாசு அப்போது தொடர்பை இழக்கும். இயந்திரத்தின் சுழற்சியைக் கணிக்கும் கிராங்க் சென்சார் 986, 996 கார்களில் சூடானபின் வேலைநிறுத்தம் செய்து, ஆறியதும் மறுபடி இயங்குவதுண்டு. இதைவிடப் பழைய 911 கார்களில் எரிபொருள் பம்புக்கு மின்சாரம் தரும் டிஎம்இ ரிலே இதே முறையில் கெடும் என்பதால், அனுபவப்பட்ட உரிமையாளர்கள் காரிலேயே இன்னொரு ரிலேயை வைத்திருப்பார்கள். சந்தேகத்துக்குரிய பாகத்தைத் தலைமுடி உலர்த்தியால் மெதுவாகச் சூடாக்கிப் பார்த்தால் பழுதை நின்ற இடத்திலேயே வரவழைக்கலாம். அதிர்வில் வரும் கோளாறுக்கு, இயந்திரம் ஓடும்போது கனெக்டர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பது வழி.

ஏர்பேக் ஒயர்கள் இதற்கு விலக்கு. அவற்றின் கனெக்டர்கள் வழக்கமாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றை அசைக்கவோ, மல்டிமீட்டரின் ஓம் நிலையில் தொடவோ கூடாது. அளக்கும் சிறு மின்சாரமே அதை வெடிக்கச் செய்யக்கூடும்.

இருக்கைக்கு அடியில் தண்ணீர்

பாக்ஸ்டரின் மிகக் குழப்பமான கோளாறுகளுக்கு மூலம் மின்சாரம் அல்ல, மழை. மடக்குக் கூரை ஒதுங்கும் இடத்தின் இரு மூலைகளிலும் வடிகால் துளைகள் உள்ளன. கூரையில் விழும் நீர் அவற்றின் வழியே காருக்கு அடியில் இறங்க வேண்டும். மரத்தடியில் நிற்கும் காரில் சருகும் தூசியும் சேர்ந்து துளையை அடைத்துவிடும். நீர் தேங்கி, விளிம்பைத் தாண்டி, காருக்குள் இறங்கும்.

தரைவிரிப்பின் மேற்புறம் காய்ந்தே இருக்கும். அதன் அடியில் உள்ள தடித்த நுரைப்பஞ்சு நீரை உறிஞ்சி வாரக்கணக்கில் வைத்திருக்கும். இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள கார்களில், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தரைமட்டத்தில்தான் அலாரம், மையப் பூட்டு, இம்மொபிலைசர் ஆகியவற்றைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தப்பட்டுள்ளது. அங்கே அதைப் பொருத்தியது நல்ல முடிவு என்று சொல்வதற்கில்லை. பெட்டி நனைந்ததும் தொலைச்சாவி வேலை செய்யாது. இரவில் அலாரம் காரணமின்றி ஒலிக்கும். மூடிகள் தாமாகத் திறக்கும். ஒருநாள் கார் கிளம்பவே மறுக்கும். வெயிலில் காய்ந்தால் எல்லாம் சரியாகி, உரிமையாளர் நிம்மதி அடைவார். ஆனால் பெட்டிக்கு எந்நேரமும் மின்சாரம் வந்துகொண்டிருப்பதால், ஈரமான பலகையில் செப்புத்தடங்கள் மின்பகுப்பால் அரித்துக்கொண்டே போகும்.

ஆகவே முதல் வேலை பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது. இருக்கையின் கீழ் சீட் பெல்ட் சார்ந்த கனெக்டர்களும் இருப்பதால், சற்று நேரம் பொறுத்த பின்பே இருக்கையை எடுக்க வேண்டும். பெட்டியைத் திறந்து, பலகையைத் தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தினால், தொடக்க நிலையில் பல பெட்டிகள் பிழைத்துவிடும். தரைவிரிப்பையும் வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். இல்லையென்றால் உலர்ந்த பெட்டியைத் திரும்பவும் ஈரத்திலேயே வைப்பதாகும்.

பெட்டி மீட்க முடியாத நிலையில் இருந்தால் செலவு உயரும். புதியதை வாங்கிச் செருகினால் மட்டும் கார் ஓடாது. சாவியும் இயந்திரக் கணினியும் பழைய பெட்டியோடு இரகசியக் குறியீடுகளால் பிணைக்கப்பட்டவை. அந்தக் காருக்குரிய குறியீடுகளை நிறுவனத்தின் முகவர் வழியே பெற்றுப் பதிய வேண்டும். அல்லது மின்னணுப் பழுதுநீக்குநர் பழைய பெட்டியின் நினைவகத்தைப் படித்துப் புதியதற்கு மாற்ற வேண்டும். இதனால் கெட்ட பெட்டியைத் தூக்கி எறியக் கூடாது.

வடிகாலைச் சுத்தம் செய்யாமல் பெட்டியை மாற்றுபவருக்கு அடுத்த மழைக்காலத்தில் அதே செலவு திரும்ப வரும். கூரையைப் பாதி மடக்கிய நிலையில் துளைகளைப் பார்க்கலாம். சருகைக் கையால் எடுத்து, வளையும் நைலான் கம்பியை மெதுவாகச் செலுத்தி அடைப்பை நீக்கலாம். அழுத்தக்காற்றை வேகமாக அடித்தால் உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிடும். பிறகு துளைக்குள் ஒரு குவளை நீரை ஊற்றி, அது சக்கரத்தருகே தரையில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கூரையை மூடி அதன்மேல் இரண்டு வாளி நீரை ஊற்றி, மறுநாள் தரைவிரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்த்து, நுரைப்பஞ்சு காய்ந்திருந்தால் மட்டுமே பெட்டியைத் திரும்பப் பொருத்தலாம்.