பட்டம் பெரிது, படி சிறிது!

வெள்ளைக்காரன் ஆண்ட நாளிலே ராவ்பகதூர், திவான்பகதூர் என்று பட்டங்களை வாரி வழங்கினான். கஜானாவிலிருந்து காலணா செலவில்லை; வாங்கியவர்களோ அவன் பக்கம் நின்றார்கள். அவன் போய்விட்டான், அந்த வித்தை போகவில்லை. இன்று 'உதவி மேற்பார்வையாளர்' என்றொரு பட்டம் கடைக்குக் கடை உலவுகிறது!

2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட பீர்க்கன்கரணையிலும் இந்தப் பட்டதாரிகள் உண்டு. பெருங்களத்தூரிலே மின்சார ரயில் ஏறி நகரத்துக் கடைகளுக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒருவர் அருங்காட்சியகத்துப் பரிசுப்பொருள் கடையிலே உதவி மேற்பார்வையாளர் என்று வைத்துக்கொள்வோம். என்ன வேலை? தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைத் தூசு தட்டி அடுக்கவேண்டும். வெண்கல நடராசரைக் காகிதம் சுற்றிக் கட்டவேண்டும். பில் போடவேண்டும், சரக்கு எண்ணவேண்டும், இரவிலே கல்லாக் கணக்கை முடிக்கவேண்டும். கணக்கிலே பத்து ரூபாய் குறைந்தால் பதில் சொல்லவேண்டியவரும் அவரே! அவருக்குக் கீழே இருப்பவர் இருவர். அந்த இருவருக்கு அரைநாள் விடுப்புக் கொடுக்க இவருக்கு அதிகாரம் உண்டா? இல்லை.

பின் எதற்குப் பட்டம்? அங்கேதான் சூட்சுமம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம், மேற்பார்வை வேலையிலே குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் வாங்குவோரைத் 'தொழிலாளி' என்ற சொல்லிலிருந்து விலக்கியது. 1,600 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2010-இல் 10,000 ஆயிற்று. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு 18,000 என்று எழுதியது. வேலையைவிட்டு நீக்கும் நாளிலே, "நீ தொழிலாளியே அல்லவே!" என்று சொல்லத்தான் அந்தப் பட்டம்.

சொல்லிவிட்டால் ஆயிற்றா? ஆகாது. பதவியின் பெயரைப் பார்க்காதே, அவர் முதன்மையாகச் செய்யும் வேலை எது என்று பார் என்பது உச்சநீதிமன்றம் பலமுறை சொன்ன தீர்ப்பு. 1985-இல் சீபா கெய்கி வழக்கிலும் அதைத்தான் சொன்னது. ஆகவே பட்டம் பெற்ற தோழர் நாள்தோறும் என்ன செய்தார் என்பதை ஒரு நோட்டிலே தேதியிட்டுக் குறித்துவரட்டும். வழக்கென்று வந்தால் அந்த நோட்டு பேசும்.

லண்டன் டேட் கலைக்கூடத்தைப் பாருங்கள். சர்க்கரை வியாபாரி ஹென்றி டேட்டின் பணத்தில் எழுந்து 1897-இல் திறக்கப்பட்டது. அங்கே கடையும் சிற்றுண்டிச்சாலையும் தனி நிறுவனம். ஓவியத்துக்குக் காவல் நிற்பவர் ஒரு கணக்கு. அதே ஓவியத்தின் நகலை விற்பவர் வேறு கணக்கு! 2020-இல், கொரோனாக் காலத்திலே, அந்தத் தனி நிறுவனத்திலே 313 பேர் வேலைக்கு ஆபத்து வந்தது. ஆகஸ்டிலே அவர்கள் சங்கமாக வாயிலில் நின்றார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இங்கே? "அவர் மேற்பார்வையாளராயிற்றே, நம் சங்கத்துக்கு எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கடைக்காரர் கேட்டால் பூரித்துப் போவார்! ஊழியர்க்கு உட்கார இடம் தரவேண்டும் என்று தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது; கேரளம் 2018-லேயே செய்தது. அந்த நாற்காலியை அவர் ஒருவராகக் கேட்டால் திமிர் என்பார்கள். கீழே உள்ள இருவரோடு சேர்ந்து, சங்கத்தின் கடிதத்தோடு கேட்கட்டும்.

அவரை அழைத்துச் சந்தா வாங்குங்கள். விண்ணப்பத்திலே 'பதவி' என்றிருக்கும் இடத்தில் என்ன எழுதுவது என்று தயங்குவார். 'கடைத் தொழிலாளி' என்று எழுதச் சொல்லுங்கள்.