பொதுச்சுவரும் அயலுறவும்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்' என்பது தமிழர் பழமொழி. வீட்டைத் தேடுமுன் அயலாரைத் தேடுக என்பது அரபு மக்களின் பழமொழி. முன்னது செலவையும் உழைப்பையும் எண்ணிப் பிறந்தது. பின்னது அவ்வீட்டில் நடத்தப்போகும் வாழ்வை எண்ணிப் பிறந்தது. பல சமயத்தாரும் நெருங்கி வாழும் பழைய நகரின் நடுவே மனை கொள்ள விழைவோர்க்கு இவ்விரு நோக்கும் வேண்டும். காரைக்காலைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரின் இயல்பு

அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தே அமைந்தது காரைக்கால். தஞ்சை மராத்திய அரசிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர் இதனைப் பெற்றனர். 1954 நவம்பர் 1இல் ஆட்சிப் பொறுப்பும், 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான உரிமையும் இந்தியாவுக்கு வந்தன. நிலத்தால் தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டிருப்பினும், ஆட்சியால் புதுச்சேரியைச் சார்ந்தது இவ்வூர்.

பாரதியார் சாலையில் காரைக்கால் அம்மையார் கோயிலும் கைலாசநாதர் கோயிலும் உள்ளன. நடந்து செல்லும் தொலைவிலேயே தேற்றரவு அன்னை ஆலயமும், பள்ளிவாசல்களும், மஸ்தான் சாகிபு தர்காவும் அமைந்துள்ளன. ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நிகழுங்கால், பிட்சாடனர் உலாவரும் வழியிலுள்ள மாடிகளினின்றும் மாங்கனிகள் இறைக்கப்படும். கந்தூரிக் காலத்தில் ஊர்வலமும், அன்னையின் திருவிழாவில் தேரும் நகரின் வீதிகளில் வரும். இங்கு வீடு வாங்குவோர், வாசலுக்கு வெளியே உள்ள வீதி தமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் உடன் ஏற்றே வாங்குகின்றனர்.

மகளுக்கு ஒரு மனை

காரைக்காலில் மனையின் வரலாறு பழமையானது. வணிகர் தனதத்தர், தம் ஒரே மகளாகிய புனிதவதியாரை நாகப்பட்டினத்துக் கணவன் வீட்டுக்கு அனுப்பாமல், தம் இல்லத்தருகே தனிமனை அமைத்து வாழவைத்தார் என்று பெரியபுராணம் கூறும். அப்புனிதவதியாரே காரைக்கால் அம்மையார். இதே கடற்கரையின் மரைக்காயர் ஊர்களிலும் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் உண்டு. காயல்பட்டினம் இதற்குச் சிறந்த சான்று. சமயம் வேறாயினும், மகள் தாய்வீட்டின் நிழலிலேயே வாழவேண்டும் என்னும் பெற்றோர் உள்ளம் ஒன்றாக இருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

ஒரே வீதி, மூவகைச் சட்டம்

இந்நகரில் அடுத்தடுத்த வீட்டார்க்கு வாரிசுரிமைச் சட்டம் ஒன்றாக இராது. இந்துக் குடும்பத்துக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், முஸ்லிம் குடும்பத்துக்கு இஸ்லாமியப் பாகப்பிரிவினை முறையும் பொருந்தும். 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணைப்படித் தம் சமய வழக்கச் சட்டத்தைத் துறந்தோரின் வழியினர்க்குப் பிரெஞ்சுச் சிவில் சட்டம் பொருந்தும். எனவே, விற்பவர் குடும்பம் எச்சட்டத்தைச் சார்ந்தது என்பதை அறிந்தாலன்றி, யார் யார் கையொப்பமிட வேண்டும் என்பது விளங்காது. திருமணமாகிப் பிறவூர் சென்ற மகளின் பங்கை மறந்து எழுதப்படும் கிரையப் பத்திரம் பின்னாளில் வழக்கில் முடியும்.

மூலப்பத்திரம் பிரெஞ்சு மொழியில், 'நொத்தேர்' எனப்பட்ட ஆவண அதிகாரியின் முன் எழுதப்பட்டதாக இருக்கலாம். இந்தியப் பதிவுச் சட்டமும் சொத்து மாற்றுச் சட்டமும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகவே இங்கு விரிவாக்கப்பட்டன. ஆகவே வில்லங்கச் சான்றோடு அமையாது, பழைய பத்திரத்தை மொழிபெயர்ப்பித்துப் படித்தல் நன்று. உரிமையாளர் பிரான்சிலோ சிங்கப்பூரிலோ வாழ்ந்து, அதிகாரப் பத்திரம் பெற்றவர் விற்பாராயின், அப்பத்திரத்தின் செல்லுபடியையும் ஆராய்தல் வேண்டும். பதிவு பெற்ற கிரையப் பத்திரமின்றி, பொது அதிகாரப் பத்திரத்தால் மட்டும் வீட்டின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுறுத்தியது.

பொதுச்சுவர்

பழைய வீதிகளில் வீடுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். பிரெஞ்சுச் சிவில் சட்டம், இரு கட்டடங்களைப் பிரிக்கும் சுவர், மாறான சான்று இல்லாதவிடத்து இருவர்க்கும் பொது என்று கொள்ளும். அச்சுவரைச் செப்பனிடும் செலவை அவரவர் உரிமையின் அளவுக்கேற்ப இருவரும் ஏற்றல் வேண்டும். தன் கூரை நீரைத் தன் நிலத்திலோ பொதுவழியிலோ விழச்செய்யலாம். அயலான் நிலத்தில் விழச்செய்தல் ஆகாது. அயல்மனையை நேரே நோக்கும் சன்னலுக்கும் இடைத்தொலைவு வகுக்கப்பட்டிருந்தது. இச்சட்டத் தொகுப்பு பிரெஞ்சிந்தியாவுக்கு 1819இல் வந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனையும் இந்நகர்க்கு இவ்விதிகள் வெறும் ஏட்டுச்சுரைக்காய் அல்ல. வீட்டை வாங்குமுன் எந்தச் சுவர் யாருக்குரியது, முற்றத்து நீர் எவ்வழி வடிகிறது என்பவற்றை அயலாரிடமே கேட்டறிதல் சாலச் சிறந்தது. அக்கேள்வியே நட்பின் தொடக்கமாகவும் அமையும்.

அயலாரைத் தெரிந்தெடுக்கும் உரிமை

விற்கப்படும் மனையை முதலில் வாங்கும் உரிமையை இஸ்லாமியச் சட்டம் 'சுஃபா' என்னும். ஷாஃபியீ நெறி இதனைக் கூட்டுரிமையாளர்க்கு மட்டும் வழங்கும். ஹனஃபீ நெறி அடுத்த வீட்டார்க்கும் வழங்கும். அவ்வுரிமையில் முஸ்லிம் என்றும் முஸ்லிமல்லாதார் என்றும் வேறுபாடு இல்லை என்று ஹனஃபீ அறிஞர்கள் உரைத்தமை குறிப்பிடத்தக்கது. எனினும், அடுத்த வீட்டார் என்பதனால் மட்டும் கோரப்படும் முன்வாங்குரிமை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற சமயத்தாரையும் சாதியாரையும் ஓரிடத்தில் புகவிடாது தடுக்க அவ்வுரிமை பயன்படுதலை ஏற்கலாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்துகளுள் ஒன்று.

சட்டம் அடைத்த கதவை மனிதர் வேறு வழியில் திறக்கின்றனர். "இன்னாருக்கே விற்போம், இன்னாருக்கே வாடகைக்கு விடுவோம்" என்னும் சொல் இன்று நகரங்கள் பலவற்றில் கேட்கிறது. தம்மவர் நடுவே வாழ்தல் பாதுகாப்பு என்னும் எண்ணம் எல்லாச் சமயத்தாரிடத்தும் உண்டு. அதனை எள்ளி நகையாடுதல் தகாது. ஆயினும் ஒவ்வொருவரும் அவ்வாறே விற்பாராயின், இரண்டு தலைமுறையில் வீதிகள் தனித்தனித் தீவுகளாகிவிடும். சிங்கப்பூர் அரசு இதனை அஞ்சியே, 1989 முதல் வீடமைப்புக் கழகக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தாருக்கும் உச்ச விகிதம் வகுத்தது. அங்கு ஆணையால் காக்கப்படும் கலப்பு, காரைக்காலின் பழைய வீதிகளில் ஆணையின்றியே வளர்ந்தது. எனவே அதனை இழத்தலும் எளிது.

முடிவுரை

மனை கொள்வோர் விலையையும் பத்திரத்தையும் ஆராய்க, சுவரையும் நீர்வழியையும் ஆராய்க, அயலாரையும் அறிக. ஆனால் அயலாரை அறிதல் என்பது அவர்தம் சமயத்தை வினவுதலன்று. அவரோடு எங்ஙனம் வாழலாம் என்று வினவுதலாகும். விற்போர்க்கும் ஒரு கடமை உண்டு. நேர்மையான விலையோடு வருபவரைப் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பாதிருத்தலே அது. பொதுச்சுவர் இரு வீட்டையும் பிரிப்பது மட்டுமன்று, இரு வீட்டையும் தாங்குவதும் அதுவே. ஒரு பக்கத்தார் இடித்தால் மறுபக்கமும் சாயும் என்பதைக் காரைக்காலின் பழைய கொத்தர்கள் அறிந்திருந்தனர். நாமும் அறிந்து ஒழுகுவோமாக.